ஃப்ரிட்ஜ் மேல் வைத்த மெழுகுக் கட்டி

என் நாத்தனாரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அவருக்கும் என்னை அப்படித்தான். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஓசூர் தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை பார்த்த அவர் தம்பியைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். ஊத்தங்கரையில் தம்பிக்குச் சொந்தத்தில் பெண் பார்த்து வைத்திருந்தவருக்கு அது ஆறாத கோபம். அவர் ஊரில் இருக்கும் குலதெய்வத்துக்கு என் மகளின் முதல் மொட்டையைக்கூடப் போடவில்லை. அவர் வாசலில் போய் நிற்பதா என்ற வீம்பு எனக்கு.

மகளுக்கு ஆறு வயதில் தலைவலியும் காலை வாந்தியும் வந்தன. நடக்கும்போது தள்ளாடினாள். பெங்களூரில் ஸ்கேன் எடுத்து, பின்மூளையில் கட்டி என்றார்கள். தலையை மழித்து, ஆறு மணிநேரம் அறுவை செய்து எடுத்தார்கள். உதவிக்கென்று வந்த நாத்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் காதிலும் விழும்படி, "சாமிக்குக் குடுக்க வேண்டிய முடிய குடுக்கல. அதான் சாமியே எடுத்துக்கிச்சு" என்றார். அவர் வாயிலேயே ஒன்று போடவேண்டும் போல இருந்தது. மழித்த முடியை நர்ஸிடம் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

கட்டி புற்றுதான். மகள் வீடு திரும்பிய பிறகு, மருத்துவர் என்னையும் கணவரையும் கூப்பிட்டுச் சொன்னார். நுண்ணோக்கியில் இந்தக் கட்டிகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். மரபணுவைப் பார்த்தால்தான் நான்கு வகையில் எது என்று தெரியும். தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு பிள்ளையின் படிப்பை மந்தமாக்கும். சாதுவான வகை என்றால் அதைக் குறைக்கலாமா என்று யோசிக்கலாம். முரட்டு வகை என்றால் கூட்டவும் வேண்டிவரும். கட்டியின் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டியைச் சின்னப் பெட்டியில் போட்டுக் கொடுத்து, வேறொரு லேபில் சேர்க்கச் சொன்னார். நல்ல திசு அதில்தான் இருக்கிறது, பத்திரம் என்றார். அன்று சனிக்கிழமை. லேபில் திங்கட்கிழமைதான் வாங்குவார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

"இன்னாம்மா அது?" என்றார் நாத்தனார்.

"பிள்ள தலையிலருந்து எடுத்தது. தொடாதிய."

எதற்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக்கூட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை நான் மகளைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் அவர் ஆட்டோ பிடித்துத் தென்பெண்ணைக்குப் போய்விட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு திரும்பிவந்தார்.

"பீடைய யாராவது வூட்ல வச்சிக்கினு இருப்பாங்களா? முடியோட சேத்து மஞ்சத் துணில முடிஞ்சி ஆத்துல வுட்டுட்டன். இனிமே புள்ளைக்கு ஒண்ணும் வராது."

நான் என்னென்ன கத்தினேனோ, தெரு முழுக்கக் கேட்டது. கணவர் ஓடினார். ஆலைக் கழிவு கலந்து நுரை பொங்கிக் கிடந்த தண்ணீரில் இடுப்பளவு இறங்கித் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

தொழிற்சாலையில் எனக்குச் சோதனைப் பிரிவு. எடுத்துவைக்கும் ஒவ்வொரு உதிரிக்கும் இது என்ன, எதற்கு என்று எழுதி டேக் கட்டவேண்டும். டேக் இல்லாததை யாராவது குப்பையில் போட்டால், போட்டவரைக் கேட்கமாட்டார்கள். டேக் கட்டாதவரைத்தான் கேட்பார்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே அது நினைவுக்கு வந்தது. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருந்ததை அனுப்பிப் பார்த்தார்கள். திசு போதவில்லை, வகைப்படுத்த இயலவில்லை என்று அறிக்கை வந்தது. கதிர்வீச்சைத் தள்ளிப்போட முடியாது. வகை தெரியாமலே வழக்கமான அளவில் கொடுத்தார்கள்.

அப்போது, கதிர்வீச்சைக் கரண்டு என்றே சொல்லும் நாத்தனார் என்னிடம் வந்து, மெதுவாக, "வகை தெரிஞ்சிருந்தா கரண்டு கொறச்சி வச்சிருப்பாங்களாம்மா?" என்றார்.

"ஆமா" என்றேன். கூட்டியும் இருக்கலாம் என்பதைச் சொல்லவில்லை.

மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. கட்டி திரும்ப வரவில்லை. ஆனால் எதையும் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்கிறாள். சின்னக் கூட்டலுக்கும் விரல் விட்டு எண்ணுகிறாள். நாத்தனார் மாதாமாதம் ஊத்தங்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறார். அவள் எண்ணும்போது தடுமாறினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். ஒரே ஒரு வார்த்தையில் அந்த அழுகையை என்னால் நிறுத்த முடியும்.

"அத்தை ஏம்மா அழுவுது?" என்று மகள் கேட்கிறாள்.

"ஒண்ணுமில்ல. நீ எழுது" என்கிறேன்.