வீரனுக்குக் கஞ்சி மட்டும்

போன மாதம் இரண்டு வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. உடம்புக்கு என்ன என்று விசாரித்து வாசகர்கள் சிலர் கார்டு போட்டிருக்கிறார்கள். ஒருவர் திருநீறுகூட மடித்து அனுப்பியிருக்கிறார். எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஒன்றும் இல்லை — எங்கள் வீட்டு நாய்க்குத்தான் வயிறு சரியில்லை.

சிரிக்காதீர்கள். வயிறு கெட்ட நாயை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். உலகத்தில் யுத்தம் நடக்கிறது. சேலத்தில் அரிசிக்கு வரிசையில் நிற்கிறார்கள். மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. இந்த லட்சணத்தில் நான் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, சாம்பல் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாயின் பின்னால் திரிந்தேன். எங்கே உட்காருகிறது, என்ன நிறம், கட்டியா தண்ணீரா... விவரம் வேண்டாம். உங்களில் பலர் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள்.

நாயின் பெயர் வீரன். பெயருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒரே ஒரு கடலை உருண்டையிடம் தோற்றுப்போகிற வீரன். செம்மண் நிறம், ஒட்டிய வயிறு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும்.

எங்கள் ஒரே மகன் முத்துச்சாமி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், எடப்பாடிச் சந்தையிலிருந்து அதைக் குட்டியாகச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். பிறகு பட்டாளத்தில் லாரி ஓட்ட ஆள் எடுத்தார்கள். போய்விட்டான். எந்த ஊரில் இருக்கிறான் என்று எழுதக் கூடாதாம். ‘சௌக்கியம்’ என்று மட்டும் எழுதுகிறான். புறப்பட்ட அன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: “வீரனுக்குப் பால் ஊத்தீராதீங்கப்பா. ஒத்துக்காது.”

அவன் திரும்பி வரும்போது அது வாசலில் நின்று வாலாட்ட வேண்டும். நானும் என் மனைவி பாவாயியும் பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு இது. அது இல்லாமல் போனால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? அது ஒரு கவலை. அதற்குப் பின்னால் இன்னொரு கவலையும் இருந்தது. நாய்க்கு ஒன்று ஆகிவிட்டால் அதை ஒரு சகுனமாக நினைத்துவிடுவோமோ என்று இரண்டு பேருக்கும் பயம். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகவே நாய்க்குப் பத்தியம் ஆரம்பமாயிற்று. எது ஒத்துக்கொள்ளும், எது கொள்ளாது என்று ஒவ்வொன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். பால் கூடாது. எலும்பு கூடாது. சோளச்சோறு செரிக்காது. குழைய வடித்த அரிசிக் கஞ்சி, வேகவைத்து மசித்த பரங்கிக்காய், புளிக்காத மோர் கொஞ்சம்... இவ்வளவுதான். அதையும் ஒரே தடவையாக ஊற்றினால் ஒரே தடவையாகத் திரும்பி வரும். கொஞ்சம் கொஞ்சமாக, ஆறவைத்து, கூடவே உட்கார்ந்து கொடுக்க வேண்டும். முத்துவுக்குக்கூட நான் இப்படி உட்கார்ந்து ஊட்டியதில்லை.

இந்தப் பஞ்ச காலத்தில் எங்கள் வீட்டில் அரிசி என்பது நோம்பிக்கும் விருந்தாளிக்கும் எடுத்து வைக்கிற சமாசாரம். நாங்கள் தின்பது கம்பங்களி. பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து ஒரு நாள் வந்து, என் வட்டிலையும் நாயின் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, மறு பொறப்புன்னு ஒன்னு இருந்தா உங்க ஊட்டு நாயாப் பொறக்கோணுமுங்க.”

“வயித்த மட்டும் உங்க வயிறா வெச்சுக்குங்க” என்றேன்.

பத்தியம் இருந்தும் பிரயோசனம் இல்லை. இருபது நாள் நன்றாக இருக்கும். வண்டியைத் துரத்தும், கோழியை விரட்டும். திடீரென்று ஒரு நாள் மூலையில் சுருண்டு படுத்துவிடும். வாந்தி, பேதி, கண்ணில் பீளை. அது தேறுவதற்குள் எனக்கு அரை உயிர் போய்விடும். தேறிய பிறகு மறுபடி கஞ்சி, மறுபடி பரங்கிக்காய், மறுபடி ஒரு நாள் அதே கதை.

வயிற்று நோய் வந்த வீட்டுக்கு வைத்தியருக்கா பஞ்சம்? விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவச் சொன்னார் ஒருவர். அது தானாகவே கழுவிக்கொண்டிருக்கிறது ஐயா என்றேன். வசம்பு சுட்டுக் கொடுத்தோம். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். கண் பட்டிருக்கும் என்று பாவாயி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். எருமப்பட்டியில் ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டினார். கயிற்றை அது கடித்துத் தின்றுவிட்டது. அதற்கும் பேதி.

போன மாதம் வந்தது எல்லாவற்றையும் தூக்கி அடித்துவிட்டது. தலை தூக்கவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை. வண்டி கட்டி, வைக்கோல் மேல் சாக்கு விரித்துப் படுக்கவைத்து நாமக்கல்லுக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அதன் தலை பாவாயியின் மடியில்தான் இருந்தது.

மாட்டு டாக்டர் கோமாரி கண்ட மாடுகளைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன மனிதர். அதட்டாமல், அலுக்காமல் தொட்டுப் பார்த்தார். ஊசி போட்டார்.

“என்னென்ன போடறீங்க?”

நான் பட்டியலை ஒப்பித்தேன்.

“வேற?”

“வேற ஒன்னும் இல்லீங்க சாமி. கஞ்சிதானுங்க” என்றாள் பாவாயி, வாசலில் கட்டியிருந்த எருமையைப் பார்த்துக்கொண்டு.

“குடல் புண்ணாயிருக்குது. எண்ணெயில பொரிச்சது, வெல்லம், கடலை, எதுவும் ஆகாது. கஞ்சி மட்டும். இன்னொரு தடவை இப்படி வந்தா இது தாங்காதுங்க. நீங்க அத்தனை தூரம் வண்டி கட்டி வர்றதும் வீண்.”

பிழைத்தது. ஊசியா, கஞ்சியா, பாவாயி வேண்டிக்கொண்ட மாரியம்மனா... யார் பிழைக்க வைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை. பஞ்சை நனைத்து அதன் வாயில் கஞ்சித் தண்ணீர் பிழிந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் தானாக எழுந்து வந்து என் காலை நக்கியது. நான் அழுதேன் என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனாலும் எழுதுகிறேன்.

இனிமேல்தான் விஷயம்.

போன வாரம் ஒரு நாள் தோட்டத்துக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற வடக்கயிறு அறுந்துபோயிற்று. இறைப்பை நிறுத்திவிட்டு வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே வெல்லப் பாகு வாசனை. என்ன விசேஷம்? உள்ளே ஆள் இல்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது.

பாவாயி குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் பூவரச இலை. இலையில் ஒரு கச்சாயம் — அரிசி மாவை வெல்லப் பாகில் பிசைந்து எண்ணெயில் சுட்டெடுப்பது. அதைப் பிட்டு, ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள். எதிரில் வீரன், வாலால் மண்ணைப் பெருக்கிக்கொண்டு.

“தின்னு சாமி. ஒரே ஒரு வாய். முத்து பேருக்குத் தின்னு.”

நான் பாய்ந்து இலையைப் பிடுங்கினேன். நாய் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை.

“ஏம்புள்ள, டாக்டரு சொன்னது காதுல ஏறலியா? இத்தன நாளும் நீதான் போட்டுட்டிருந்தியா?”

அவள் மறைக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. “இன்னைக்கு உத்திரமுங்க” என்றாள்.

உத்திரம் முத்துவின் நட்சத்திரம். மாதம் ஒரு தடவை வருகிறது. நாய் மாதம் ஒரு தடவை படுக்கிறது. வாரா வாரம் உங்களுக்கு உலக விவகாரத்தை விளக்குகிறவனுக்கு இந்தக் கணக்கு இத்தனை நாள் புரியவில்லை.

“மாசாமாசம் அன்னைக்கு அவன் பேரச் சொல்லி ஒரு வாயிக்குப் போடறனுங்க. இங்க நாம ஒரு வாயிக்குப் போட்டாத்தான், அங்க அவனுக்கு எவளாச்சும் ஒருத்தி போடுவா.”

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பழமொழியைச் சொல்லிவிட்டு நம்மைப் போன்றவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். சிலர் அதை நம்பி அடுப்புப் பற்றவைக்கிறார்கள்.

“வேற வாயே கெடைக்கலியா? பக்கத்து ஊட்டுக் கொழந்தைகளுக்குக் குடுக்கறது?”

“அதுகளுக்கு அவிங்கம்மா இருக்கறா. அவன் பேருல போடறது அவன் ஊட்டு வாயிக்குப் போகோணுமுங்க. இது அவன் எடுத்தாந்த உசுருங்க.”

“அது சாகக் கெடந்ததுக்கு அப்பறமுமா?”

“பயமாத்தானுங்க இருந்துச்சு. அதுதான் ஒரே ஒரு வாயின்னு...” நாயின் மடிந்த காதைத் தடவினாள். பிறகு சொன்னாள்: “தையில என்ற தங்கச்சி ஊட்டுக் கண்ணாலத்துக்குப் போயி ஒரு உத்திரம் தப்பிப்போச்சுங்க. அடுத்த வாரமே பேப்பரப் பாத்துப்போட்டு நீங்க பேயறஞ்சாப்புல உக்காந்திருந்தீங்க. எனக்குப் பேப்பரு படிக்கத் தெரியாது. உங்க மொகத்தப் படிக்கத் தெரியுமுங்க.”

அது யுத்தச் செய்தி. அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

“கஞ்சி மட்டும் ஊத்துன்னு நீங்களும் டாக்டரும் சொல்றீங்க. அவன் பேருல கஞ்சிய ஊத்தினா, அங்க அவனும் கஞ்சிதான் குடிப்பானுங்களா?”

நம் பக்கத்தில் பிரியம் என்றால் எண்ணெயும் வெல்லமும்தான். பிரியத்தைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்ற ஒருத்திக்கும் மனசு வருவதில்லை. உப்பில்லாமல், ருசியில்லாமல், ஆறவைத்து, வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டே இருப்பதும் பிரியம்தான் என்று அவளுக்கு நான் எப்படிச் சொல்வது? சொன்னால், “அது பத்தியமுங்க” என்பாள்.

இலை என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. நாய் முனகியது. இதை அது தின்றால் போய்விடும். தின்னாவிட்டால் அடுத்த உத்திரம் வரை இவள் தூங்கமாட்டாள். பெற்றவளே தின்னலாமா என்று கேட்டேன். கூடாதாம், பலிக்காதாம்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நானும் உட்கார்ந்தேன். களைப்பாக இருந்தது. வெயிலா, வயசா, யுத்தமா... எல்லாம்தான்.

“எனக்குப் போடு” என்றேன்.

“உங்களுக்குங்களா?”

“நானும் அவன் ஊட்டு வாய்தான?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாயோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு அவ்வளவு யோக்கியதை இல்லை என்றுதான் முதலில் தோன்றியிருக்கும். கடைசியில், “அவன் பேரச் சொல்லித் திங்கோணுமுங்க” என்றாள்.

“முத்துச்சாமி” என்றேன். வீட்டில் அவன் பெயரை உரக்கச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று... கச்சாயத்தை வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தாள். ஒற்றையாகப் போட்டு நிறுத்தக் கூடாதாம். அதைத் தின்றதும் மூன்றாவது வந்தது. இரட்டைப்படையில் முடிக்கக் கூடாதாம். சாஸ்திரம் அவளுடையது, வாய் என்னுடையது.

வீரன் நன்றாக இருக்கிறது. கஞ்சியைக் குடித்துவிட்டு என் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தூங்குகிறது. கட்டிலுக்கு மேலே நான் ஒருக்களித்துப் படுத்து, ஓமத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுநடுவே கொல்லைப்பக்கம் ஓடிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வெல்லமும் எண்ணெயும் எனக்கு ஆகி வெகு காலம் ஆகிறது. அதைப் பாவாயியிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

அடுத்த உத்திரம் வரும். அதற்கு அடுத்ததும் வரும். யுத்தம் எப்போது முடியும் என்று எவனுக்கும் தெரியவில்லை.

முத்து சீக்கிரம் வரட்டும். அவன் பங்கை அவனே தின்று தொலைக்கட்டும்.