கரை இரண்டாகத் தெரிந்த இரவு

முப்பது வினாடி

கேமராவின் ஷட்டர் திறந்திருந்தது. நான் டார்ச்சோடு பழைய படகு ஒன்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். இரவில் படம் எடுக்கும் இந்த வேலையில் அவதிப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: முப்பது வினாடியில் நட்சத்திரங்கள் தாமாகப் பதிந்துவிடும், கீழே இருப்பதை நாம்தான் டார்ச்சால் தடவித் தடவிக் காட்ட வேண்டும். கறுப்புச் சட்டை போட்டு, அசைந்துகொண்டே இருந்தால் படத்தில் நாம் விழமாட்டோம். நின்றால் படம் கெட்டது.

பிள்ளைச்சாவடிக் கரை, விடிகாலை மூன்று மணி. ஆளில்லாத இடம் என்றுதான் போயிருந்தேன். சின்ன டார்ச் ஒன்றை ஏந்தி ஒரு பெண் மணலில் ஓடி வந்தார். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. கடலரிப்பைத் தடுக்க அங்கே கரை நெடுகக் கல் கொட்டியிருக்கிறார்கள். படகு ஏற ஒரே ஒரு மணல் இடைவெளிதான். வலைக்குப் போன கணவர் திரும்பும்போது அந்த இடத்தில் நின்று வெளிச்சம் காட்டுவது அவர் வேலை. நான் காட்டிக்கொண்டிருந்தது கற்களுக்கு நேரே.

"இன்னாபா லைட்டு ஆட்டுற? எங்க வூட்டு ஆளு உன்னப் பாத்து கல்லு மேல வராரு!"

அசையாமல்

இன்ஜின் சத்தம் நேராக எங்களை நோக்கி வந்தது. டார்ச்சை அணைக்கப் போனேன். "அணைக்காத, அப்படியே வந்து மோதிடுவாரு" என்று பிடுங்கிக்கொண்டார். கடலைப் பார்த்து அதைப் பிடித்தபடி கரையோரமாக ஓடினார். நான் பின்னால் ஓடினேன். இருட்டில் இன்ஜின் சத்தமும் எங்களோடு பக்கவாட்டில் நகர்ந்தது.

இடைவெளிக்கு வந்ததும் டார்ச்சை என் கையில் திணித்துவிட்டு, கயிறு பிடிக்க இடுப்பளவு நீரில் இறங்கினார். "ஆட்டாம நில்லு." ஒன்பது வருடமாக ஆட்டியே பழகிய கை. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

படகு மணலில் ஏறியது. அவர் கணவர் இறங்கி, கற்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கரை ரெண்டாத் தெரிஞ்சிச்சி. எது நம்மளுதுன்னு தெரியல."

கோணல் கோடு

கேமராவை மறந்தே போயிருந்தேன். அது தன்பாட்டுக்கு முப்பது முப்பது வினாடியாக எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் வானம் நிறைய நட்சத்திரம், கீழே பாதி தெரியும் படகு, கற்களுக்கு அப்பால் அலைநுரையின் மேல் ஓரம்வரை ஓடும் கோணல்மாணலான வெளிச்சக் கோடு. அஞ்சலை ஓடியபோது டார்ச் போட்ட கோடு அது; அவர் படத்தில் இல்லை. ஓடுகிறவர்கள் விழமாட்டார்கள்.

படம் கேட்டிருந்தவர் பழைய பிரெஞ்சு நகரப் பகுதியான புல்வாருக்குள் தங்கும் விடுதி நடத்துகிறார். வரவேற்பறைச் சுவருக்காம். மற்றவற்றைத் தள்ளிவிட்டு இதையே எடுத்தார்.

"கோடு பிரமாதம் சார். அடுத்த தடவ இதே மாதிரி ரெண்டு போடுங்க."

கேட்டுவிட்டு

அடுத்த மாதம் போனபோது பையைத் திறக்கும் முன், இப்போது வெளிச்சம் போடலாமா என்று அஞ்சலையைக் கேட்டேன். கடலுக்குள்ளே இன்னும் இரண்டு படகு இருப்பதாகச் சொன்னார். அவரோடு இடைவெளியில் நின்று என் டார்ச்சை அசையாமல் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது படகு, அவருடைய கணவருடையது, கரையேறியபோது வானம் வெளுத்துவிட்டது.

"நட்சத்திரம் எங்க போவப்போவுது தம்பி, நாளைக்கும் வரும்" என்றார் அஞ்சலை.

ஆளில்லாத இடம் தேடி அலையும் நமக்குத் தவறாமல் கிடைப்பது, முன்பே அங்கே வேலையில் இருக்கும் ஒருவர்தான்.

அவர்கள் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். என் டார்ச்சின் கண்ணாடியில் படிந்த உப்பைச் சட்டை நுனியால் துடைத்து, அதை மணலில் இருந்த அஞ்சலையின் மீன்கூடைக்குள் வைத்துவிட்டு, வண்டியை எடுத்தேன்.