பெண்கள் பக்கத்து வீடியோ

பேய்க் கதை என்றால் சிரிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நானும் சிரித்தவள்தான். ஆனால் இது என் சிநேகிதி ஸல்ஹாவுக்கு உண்மையாக நடந்தது. திருகோணமலை டவுனில், உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில், அவளுடைய வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. இருட்டு இல்லை, மழை இல்லை, ஒரு நாய்கூட ஊளையிடவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயம்.

ஸல்ஹாவின் தொழில் கல்யாண வீடியோ. அதிலும் பெண்கள் பக்கம் மட்டும். டவுனோ கிண்ணியாவோ மூதூரோ, முஸ்லிம் கல்யாணம் என்றால் பெண்கள் இருக்கும் பக்கத்துக்குக் கமரா தூக்கிக்கொண்டு போவது அவள்தான். எடுப்பதும் அவள், வீட்டிலிருந்து எடிட் பண்ணுவதும் அவள். முக்காடு இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்களை ஒரு ஆம்பிளையும் பார்க்க மாட்டான் என்பது அவள் கொடுக்கிற வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் உம்மாமார் அவளைக் கூப்பிடுகிறார்கள். அது போனால் தொழிலும் போச்சு, பேரும் போச்சு.

அந்தப் பேர் ஒரு தரம் போகப் பார்த்தது. கிண்ணியாவில் ஒரு மருதாணி இரவில் றுக்கியா என்ற பிள்ளை தோழிகளோடு ஆடிய கிளிப் ஊர் ஆம்பிளைகளின் போனில் எல்லாம் சுற்றியது. அவளுக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றது. அடுத்த மாதம் காய்ச்சல் என்று படுத்தவள் எழும்பவேயில்லை. மௌத். எடுத்தது ஸல்ஹா என்றபடியால் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் றுக்கியாவின் உம்மாவுக்கு முன்னால் போய் நின்று, "வல்லாஹி, என்ட கையால போகல்ல" என்று சத்தியம் பண்ணினாள்.

புருசன் அர்ஷாக் பக்கத்திலேயே நின்றான். "என்ட பொஞ்சாதி அப்பிடிப்பட்டவ இல்ல. அந்தப் புள்ளைட முகத்த நான்கூடக் கண்டதில்ல" என்றான். அன்றைக்கு ஸல்ஹா அவனை நினைத்துப் பெருமைப்பட்டாள். பைத்தியக்காரி.

இரண்டு வருசம் போனது. கிண்ணியாவில் ஹுஸ்னியா என்ற பிள்ளையின் கல்யாணம். ஸல்ஹா எடிட் பண்ணி, திரும்பத் திரும்பப் பார்த்து, மாதிரிக்குக் கொஞ்சத்தைப் பென்டிரைவில் போட்டு, உறையில் ஒட்டி, அர்ஷாக்கிடம் கொடுத்து அனுப்பினாள். அவன் பாலம் தாண்டிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். பின்னேரம் மணப்பெண்ணின் உம்மா ஸல்ஹாவுக்குப் போன் எடுத்தார்.

"என்ன புள்ள இது? எங்கட புள்ளைட முகம் எங்க?"

"என்ன மாமி சொல்றீங்க?"

"எல்லார்ட முகமும் புகைஞ்சு போய்க் கிடக்கு. வெள்ளிக்கிழமை மாப்பிள்ள வீட்டுப் பொம்புளைகள் பாக்க வாறாங்க. ஏலாட்டிச் சொல்லுங்க, வேற ஆளப் பாக்குறம்."

ஸல்ஹா லெப்டொப்பைத் திறந்தாள். முகங்கள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. அர்ஷாக் பிளேன்டீ கொண்டுவந்தான். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டுதான் வருவான். அவ்வளவு நல்ல மனிதன். அவன் கோப்பையை வைக்கும்போதே முகங்கள் மங்கின. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் நிற்கிற மாதிரி. டீ ஆறுவதற்குள் திரும்பவும் தெளிவு.

ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் தயாளினிக்கும் இதே தொழில். பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீடுகளுக்கு வீடியோ செய்பவள், மென்பொருள் விசயத்தில் கெட்டிக்காரி. ஸல்ஹா அவளுக்குப் போன் பண்ணினாள்.

"போன அப்டேட்டில ஓட்டோ பில்டர் ஏதும் வந்திருக்கும். முகத்தைக் கண்டால் தானா மங்கலாக்கும். செட்டிங்கில போய் நிப்பாட்டுங்கோ" என்றாள் தயாளினி.

ஸல்ஹா நிப்பாட்டினாள். வந்தது. மென்பொருளையே அழித்துத் திரும்பப் போட்டாள். வந்தது. இன்டர்நெட்டைக் கழற்றினாள். அப்போதும் வந்தது.

"அப்ப ஒவ்வொண்டா மாத்திப் பாருங்கோ, ஸல்ஹா. எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினால் எதால எண்டு பிடிக்க ஏலாது. அது வரேக்க அறையில என்ன மாறுது எண்டு கவனியுங்கோ."

கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். அப்போதுதான் அந்த மஞ்சள் உடுப்புக்காரியைக் கண்டாள். மங்கிப்போன முகங்களுக்கு நடுவில் அவள் முகம் மட்டும் தெளிவு. பின்வரிசையில் நின்றாள். எல்லோரும் மணப்பெண்ணைப் பார்க்க, அவள் கமராவைப் பார்த்தாள். இடது கைத் துணியில் கடை விலைச்சீட்டு நூலோடு தொங்கியது. புது உடுப்பு, வெட்ட மறந்துவிட்டாள். நாளைக்கு நாலு பேர் பகிடி பண்ணக்கூடாதே என்று இரங்கி, அந்தச் சீட்டின் மேல் மட்டும் ஸல்ஹா தன் கையால் ஒரு சதுரம் போட்டு மங்கலாக்கிவிட்டாள்.

எங்கேயோ பார்த்த முகம்... ஆனால் இவளை நான் எடுத்தேனா என்று ஸல்ஹா யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. நாளுக்கொரு கல்யாணம், முகங்களுக்குக் கணக்கில்லை.

ஒவ்வொன்றாக மாற்றினாள். மேலே சுழன்ற பேனை நிறுத்தினாள். லைட்டை அணைத்தாள். கதிரையை அடுத்த சுவருக்குத் தள்ளினாள். எதை மாற்றினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. முதலில் முகம் மங்கும். பிறகு வாசலில் கோப்பைச் சத்தம் கேட்கும்.

சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

வியாழக்கிழமை. லுஹர் தொழுகை முடிந்த வெயில். அர்ஷாக் டவுனுக்குப் போவதாகச் சொல்லிப் பைக்கை எடுத்தான். டுப்... டுப்... சத்தம் தேய்ந்து போனது. வீட்டில் அவள் மட்டும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

வீடியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முகம்கூட மங்கவில்லை. அப்பாடா என்று சாய்ந்தாள்.

மங்கியது.

கோப்பைச் சத்தம் இல்லை. மேலே பேன் சுற்றும் சத்தம் மட்டும். டக்... டக்... டக்...

மஞ்சள் உடுப்புக்காரி இப்போது முன்வரிசையில் நின்றாள்.

அவள் ஸல்ஹாவைப் பார்க்கவில்லை. ஸல்ஹாவின் தோளுக்கு மேலால்... பின்னால் இருந்த வாசலைப் பார்த்தாள்.

ஸல்ஹா மெதுவாகத் திரும்பினாள்.

வாசல் திரைச்சீலை. அதற்குக் கீழே இரண்டு கால்கள்.

அர்ஷாக்கின் கால்கள்.

அசையவில்லை. சீலையின் ஓரம் விரலளவு விலகியிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு போன் மினுங்கியது. பைக்கைத் தெரு ஒழுங்கையின் முனையில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் கள்ளன் மாதிரி வந்திருக்கிறான். பேயைக் கண்டிருந்தால்கூட ஸல்ஹாவுக்கு அப்படி நடுங்கியிராது.

"உள்ளுக்கு வாங்க" என்றாள்.

வந்தான். ஏதோ பொய் சொல்ல வாயெடுத்தான். ஸ்கிரீனைக் கண்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"றுக்கியா..." என்றான்.

"முகத்தக் கண்டதே இல்லண்டீங்களே. எப்பிடித் தெரியும்?"

அவன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. ஸ்கிரீனைப் பார்த்துத்தான் பேசினான்.

"ஒருத்தனுக்கு மட்டும்தான் அனுப்பினனான்... என்ட கூட்டாளி ஹஸனுக்கு மட்டும்தான்... அவன் எல்லாருக்கும் விடுவான் எண்டு எனக்குத் தெரியா..."

யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டபோதுகூட ஸல்ஹாவுக்கு இப்படி வலிக்கவில்லை. அவள் சத்தியம் பண்ணும்போது பக்கத்தில் நின்றவன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு டீ வைத்தவன். அத்தனை பெண்களின் நம்பிக்கையும் அவள் முதுகுக்குப் பின்னாலேயே களவு போயிருக்கிறது. அன்று பின்னேரமே அவன் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு முகமும் மங்கவில்லை. ஸல்ஹா எல்லாக் கிளிப்பையும் போட்டுத் தேடினாள். முன்வரிசையிலும் இல்லை, பின்வரிசையிலும் இல்லை. மஞ்சள் உடுப்பில் ஒருத்தியும் அந்தக் கல்யாணத்துக்கு வரவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை வீடியோவைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லா முகமும் தெளிவு. அங்கிருந்து நேராக றுக்கியாவின் உம்மாவிடம் போனாள்.

"என்ட கையால போகல்லதான். ஆனா என்ட வீட்டாலதான் போயிருக்கு. நான் பண்ணின சத்தியத்தத் திருப்பி எடுக்க வந்தனான்."

அந்த உம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"மௌத்தாகும் வரைக்கும் அவ நீங்கதான் விட்டதெண்டு நினைச்சிருந்தா, புள்ள. ஸல்ஹா ராத்தாவ நம்பித்தானே உம்மா ஆடினேன் எண்டு அழுதா."

ஸல்ஹாவுக்கு எழும்பிப் போக முடியவில்லை. கடைசியில் கேட்டாள்.

"மாமி... அவட்ட மஞ்சள் உடுப்பு ஏதும் இருந்ததா?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"நிச்சயத்துக்கு எடுத்தது. போடவே இல்லயே. உங்களுக்கு ஆர் சொன்ன?"

அலுமாரியைத் திறந்து காட்டினார். கடையில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. இடது கையில் விலைச்சீட்டு.

ஸல்ஹா அதை விரலால் தூக்கினாள். நூல் தெரிந்தது. துணியின் தையல் ஒவ்வொன்றும் தெரிந்தது. சீட்டில் இருந்த எழுத்து மட்டும் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அவள் தன் கையால் போட்ட அதே சதுரம்... அந்தச் சீட்டின் மேல் மங்கலாக இருந்தது.