மேனேஜருக்கு ஓர் இரங்கல் கூட்டம்

குளக்கரை ஜெராக்ஸ் கடைக்காரர் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிடும். இது இன்று நேற்று வந்த வினை அல்ல. சின்ன வயதில் அவர் பேசும்போது அக்காக்கள் எழுந்து போனார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். கடை வைத்த பிறகு வாடிக்கையாளர்கள், "ரெண்டு பக்கமும் எடுங்க" என்று தாளை நீட்டிவிட்டு, குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். அவருக்குச் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. கேட்க ஆள்தான் இல்லை.

திரும்பி நின்றவர்கள் பெரும்பாலும் பார்த்தது ஒரு வாத்தை. கொழுத்த வெள்ளை வாத்து. யார் பெஞ்சில் உட்கார்ந்தாலும் எதிரில் வந்து நின்று, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும். பார்க்கப்பட்டவர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்காருவார். அதனால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மட்டும் அந்தப் பெயர் ரசிக்கவில்லை.

மேனேஜருக்கும் ஜெராக்ஸ்காரருக்கும் இருந்த உறவு ரொம்ப எளிமையானது. அவர் ஷட்டரைத் தூக்குவார். அது வந்து கணுக்காலில் கடிக்கும். அவர் துடைப்பத்தை எடுப்பார். அது போய்விடும்.

ஒருநாள் வாத்தைக் காணவில்லை. கரையில் ஒரு குவியல் வெள்ளை இறகு கிடந்தது. நாய் கடித்துவிட்டது என்று உடனே முடிவாயிற்று. எந்த நாய் என்று யாரும் கேட்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லையே என்றும் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் அதெல்லாம் கேட்கக் கூடாது அல்லவா? இறகுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மரத்தடியில் புதைத்தார்கள். லாட்ஜ்காரர் ஓவென்று அழுதார். தன் லாட்ஜின் கிழிந்த இறகுத் தலையணையை முந்தின நாள் அங்கே கொண்டுவந்து உதறிக் கொட்டியவரே அவர்தான். கரையில் குப்பை போட்டது யார் என்று பேச்சு கிளம்பிவிடக் கூடாதே என்று கொஞ்சம் கூட்டியே அழுதார்.

சங்கத்து அறையில் இரங்கல் கூட்டம் நடந்தது. ஆளுக்கு ஒரு நினைவு வைத்திருந்தார்கள், அதுவும் முன்னால் பேசியவருடையதைவிட ஒரு படி மேலாக. "நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு என்கூடவே கேட் வரைக்கும் நடந்து வந்துச்சு" என்றார் தலைவர். "என் குரல் கேட்டா அக்கரையிலேருந்து நீந்தி வரும்" என்றார் லாட்ஜ்காரர். கடைசியில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "வேற யாராவது பேசணுமா?" என்று கேட்டார். யாரும் எழக்கூடாது என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். ஜெராக்ஸ்காரர் எழுந்தார். முன்வரிசையில் செருப்பைத் தேடும் கால்கள் அசைந்தன.

"அது என் கையிலதான் சாப்பிடும்" என்றார்.

தேடிய கால்கள் நின்றன. எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. பிறந்ததிலிருந்து இத்தனை முகங்களை அவர் ஒருசேரப் பார்த்ததில்லை. அதன் பிறகு அவர் வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தினமும் காலையில் மேனேஜர் வந்து அலகால் ஷட்டரைத் தட்டுமாம். உள்ளங்கையில் சோளத்தை வைத்தால் ஒரு மணி சிந்தாமல் தின்னுமாம். அவருடைய அம்மா இறந்த அன்று மடியில் கழுத்தை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்ததாம். "எனக்குக் கூடப்பொறந்த தம்பி இல்லைங்க. அவன்தான் எனக்குத் தம்பி" என்று முடித்தபோது தலைவரே கைக்குட்டையை எடுத்துவிட்டார். இரங்கல் கூட்டம் என்பதை மறந்து கைதட்டினார்கள். நினைவு வந்ததும் நிறுத்தினார்கள். பிறகு, போகட்டும் என்று மறுபடி தட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "உங்க தம்பி கடிச்ச இடத்துக்கு இதுவரைக்கும் எத்தனை டியூப் மருந்து வாங்கியிருப்பேன்?"

"அதெல்லாம் பாசத்துல கடிச்சது."

"அத்தை செத்த அன்னிக்கு நாம இந்த ஊருக்கே வரலையே. வாத்து பஸ் புடிச்சு வந்துச்சா?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

மறுநாளிலிருந்து அவர் 'சார்' ஆனார். வந்தவர்கள் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்து நின்றார்கள். "சார், அந்த மடியில படுத்த கதையை இவங்களுக்கும் சொல்லுங்க" என்று புது ஆட்களைக் கூட்டிவந்தார்கள். நகலுக்கு நகல் எடுத்தால் எழுத்து மங்கிக்கொண்டே போகும். அவர் கதையோ எடுக்க எடுக்கப் பளிச்சென்று வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். ஒரு மாதம் ஆனதும், மேனேஜர் நினைவாகக் கரையில் கல் பெஞ்சு போடுவது, அதை வரும் ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ்காரர் திறந்துவைத்துப் பேசுவது என்று சங்கம் தீர்மானித்தது. அப்படி ஒரு மரியாதை அவர் பரம்பரையில் யாருக்கும் கிடைத்ததில்லை.

அந்த வாரம்தான், கடை கழுவிய தண்ணீரைக் கொட்ட பம்ப் ரூமுக்குப் பின்னால் போனார். கோரைப்புல் அசைந்தது. மேனேஜர் வெளியே வந்தது. இளைத்திருந்தது. பின்னால் வரிசையாக ஏழு மஞ்சள் குஞ்சுகள்.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும், மனிதர் அவ்வளவு மோசமில்லை. 'அடப்பாவி, உயிரோட இருக்கியா!' என்று கண்கூடக் கலங்கியது. அடுத்து, தம்பி தம்பி அல்ல என்று புரிந்தது. மூன்றாவதாக ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கண்ணீர் நின்றுவிட்டது. கடையின் பழைய பெயர்ப்பலகையைத் தூக்கிவந்து சுவருக்கும் வேலிக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அடைத்தார். உள்ளே வாய்க்கால் தண்ணீர் இருந்தது, புல்லும் இருந்தது. ஞாயிறு மதியம் பலகையை எடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆனாலும் மனசு குத்தியது. சோளம் வாங்கிக்கொண்டு போனார். கடி வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவர் கீழே போட்டதைத் தின்றது. சனிக்கிழமை, குஞ்சுகள் அவர் செருப்பின் மேல் ஏறி விளையாட, மேனேஜர் கழுத்தை நீட்டி உள்ளங்கையிலிருந்தே தின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அக்காக்கள், மாமனார், கடை, எல்லாவற்றையும் சொன்னார். அது எழுந்து போகவில்லை. போக வழியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். கல் பெஞ்சைத் துணியால் மூடியிருந்தார்கள். ஜெராக்ஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அது என் கையிலதான்..." என்று சொல்லும்போதே பம்ப் ரூம் பக்கம் பலகை சரிந்து விழும் சத்தம் கேட்டது. மேனேஜர் வந்தது. ஏழு குஞ்சுகளும் பின்னால் வந்தன. லாட்ஜ்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் வழி விட்டது. அது தலைவரைத் தாண்டி, லாட்ஜ்காரரைத் தாண்டி, நேராக ஜெராக்ஸ்காரரிடம் வந்து நின்று, அவர் பேன்ட் பாக்கெட்டை அலகால் பிடித்து இழுத்தது.

"பாருங்க, தம்பி அண்ணனைத் தேடி வந்துட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. ஜெராக்ஸ்காரர் சொன்ன பொய் அப்படியே நிஜமாகி ஊரார் முன்னால் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்த அந்த நேரத்தில் பாக்கெட் கிழிந்து, சோளம் பொலபொலவென்று கொட்டியது.

தலைவர் குனிந்து ஒரு மணியை எடுத்துப் பார்த்தார். வங்கியில் கையெழுத்தைச் சரிபார்த்த கண்கள். "செத்துப்போன வாத்துக்கு, பாக்கெட்ல எதுக்கு சார் சோளம்?" என்று கேட்டார்.

கைதட்டல் நின்றது. சரிந்த பலகையில் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருப்பதை அதற்குள் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"முன்னாடியே பார்த்துட்டேங்க" என்றார் ஜெராக்ஸ்காரர். "நான்தான் அடைச்சு வெச்சேன். இதுக்கு முன்னாடி அது என் கையில சாப்பிட்டதே இல்லை, கடிக்கத்தான் செய்யும். நீங்கெல்லாம் உட்கார்ந்து கேட்டீங்க. அது வந்துட்டா, கேக்கிறதை நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேன்."

வாழ்க்கையில் அவர் பேசியதிலேயே உண்மையான பேச்சு அதுதான். பாதிக்கு மேல் யாரும் கேட்கவில்லை. "இது பொட்டை வாத்துன்னு எனக்கு அப்பவே தெரியும்!" என்று லாட்ஜ்காரர் குரலை உயர்த்தியிருந்தார். எப்படித் தெரியும், எப்போது தெரியும் என்று எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். தனக்கு அதற்கும் முன்னாலேயே தெரியும் என்றார் தலைவர். பேச்சு முற்றி, கூட்டம் அப்படியே சங்கத்து அறைப் பக்கம் நகர்ந்தது. பெஞ்சைத் திறந்துவைக்க யாருக்கும் ஞாபகமில்லை.

ஜெராக்ஸ்காரர் துணியோடு சேர்த்து அதன் மேல் உட்கார்ந்தார். கீழே சிந்திய சோளத்தைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மேனேஜர் வந்தது. குஞ்சுகள் முந்துவதைப் பார்த்து அவசரப்பட்டு, சோளத்தோடு சேர்த்து அவர் விரலையும் கவ்வியது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"கையை எடுக்க வேண்டியதுதானே?"

"இரு. சாப்பிட்டு முடிக்கட்டும்."