நாலாவது மணி

பரமசிவம் சார் காலமான செய்தி எனக்குக் காய்கறிச் சந்தையில் வந்தது. எங்கள் குடியிருப்பின் செயலாளர் ஜோஷி கைப்பேசியில் அழைத்துச் சொன்னார். காலையில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்திருக்கிறது. வலி, அவஸ்தை எதுவும் இல்லை. கையில் அன்றைய செய்தித்தாள் விரித்தபடி இருந்ததாம். அது எங்கள் வீட்டுச் செய்தித்தாள்.

வாங்க வந்த வெண்டைக்காயை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். அழுகை வரவில்லை. அவர் மனைவி கோமதி அக்கா தனியாக இருப்பாரே என்ற நினைப்பு மட்டும்தான் ஆட்டோவில் வரும்போது மனத்தில் ஓடியது.

எதிர்வீட்டில் பல வருஷம் குடியிருந்தவள் என்பதால் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் மலர்க்குழு கேட்டது. அந்த நாலு வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரமசிவம் சார் லஞ்சம் வாங்காதவர். குடிக்காதவர். யாரையும் தரக்குறைவாகப் பேசாதவர். சொன்ன நேரத்துக்குச் சரியாக வருபவர். நல்லது இவ்வளவுதான். இனி நான் எழுதப் போவதைக் குழுவினர் வெட்டிவிடலாம். வெட்டினால் என் பெயரையும் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: அவர் புனேயை ஒட்டிய ஆகுர்டியில் மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் பொது மேலாளராக இருந்தவர். கம்பெனி கார், கம்பெனி டிரைவர், சொந்த வீடு, அது போக வாடகைக்கு விட்ட வீடுகள். பிள்ளைகள் இல்லை. சின்ன வயதில் பட்டினி கிடந்தவராக இருக்கும், அதனால்தான் இப்படி என்று இரக்கப்பட்டவர்கள் உண்டு. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினேன். பிறகு கோமதி அக்காதான் சொன்னார், தன் மாமனார் தாசில்தார், வீட்டில் இரண்டு பசுமாடு நின்றதென்று. ஆகவே அந்தச் சலுகையையும் அவருக்குத் தர முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் கோயமுத்தூரிலிருந்து புனேவுக்கு மாற்றலாகி வந்தோம். எதிர்வீட்டில் தமிழ்க் குடும்பம் என்றதும் தலைகால் புரியவில்லை. முதல் நாளே போய்க் கதவைத் தட்டினோம். கோமதி அக்கா காப்பியோடு ஒரு தட்டு பிஸ்கட் கொண்டு வந்து வைத்தார். எல்லாம் உடைந்த துண்டுகள். அக்கா தலை நிமிரவில்லை. சார்தான் விளக்கினார். போபோடியில் ஒரு சந்தில் உடைந்த பிஸ்கட்டை எடை போட்டு விற்கிறார்களாம். மாதம் ஒரு முறை காரை அந்தப் பக்கமாக விடச் சொல்லி வாங்கி வருவாராம்.

"வாய்க்குள்ள போனா எல்லாம் உடையத்தானே போகுது" என்றார்.

ஆகுர்டியிலிருந்து போபோடிக்குக் கார் போய்வரும் பெட்ரோல் கம்பெனியுடையது என்பதால் அது அவர் கணக்கில் வரவில்லை. அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். வேடிக்கையான மனிதர் என்று வீட்டுக்கு வந்தும் பேசிக்கொண்டோம்.

எங்கள் வீட்டுச் செய்தித்தாளை நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே எடுத்துப் படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வாசலில் வைத்துவிடுவார். அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். குறுக்கெழுத்துப் புதிரை மட்டுமாவது விட்டுவைக்கும்படி என் கணவர் ஒரு நாள் பணிவாகக் கேட்டார். மறுநாளிலிருந்து பேனாவுக்குப் பதில் பென்சிலால் நிரப்பினார்.

தன் வயிற்றைக் கட்டி, தன் சட்டையைத் தைத்துப் போட்டுச் சிக்கனமாக வாழ்பவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் அப்பாவே அப்படிப்பட்டவர்தான். பரமசிவம் சாரின் சிக்கனம் எப்போதும் அடுத்தவர் தலையில்தான் விடியும். எங்கள் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்க வந்த சுமன், டிசம்பர் மாதப் புனேக் குளிரில் அவர் வீட்டு வேலையை முடித்துவிட்டு நேராக என் அடுப்படிக்கு வந்து கையைக் காட்டிக்கொண்டு நிற்பாள். விரல்கள் சிவந்து மடங்காது. அங்கே வெந்நீர் கிடையாது. சாருக்கு உண்டு, குளித்து முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புவார். அப்போதே எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தது பிஸ்கட்டுக்காகவோ வெந்நீருக்காகவோ இல்லை. தொலைபேசிக்காக.

கோமதி அக்காவின் அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருந்தார். அக்கா ஒரே மகள். அந்த வீட்டில் தொலைபேசி இருந்தது, இங்கேயும் இருந்தது. அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேசினால் கட்டணம் எகிறும் என்பது உண்மைதான். ஆனால் அவர் வாங்கிய சம்பளத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆபீசிலிருந்து பேசலாமே என்றால், கம்பெனி காரில் பிஸ்கட் வாங்கப் போகிறவர், சொந்த விஷயத்துக்கு ஆபீஸ் போனை மட்டும் தொடமாட்டார். அதில் அவர் கண்ணியவான். ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே எண்ணைச் சுழற்றுவார். அந்தப் பக்கம் மூன்று தடவை மணி அடிக்கும். உடனே வைத்துவிடுவார். மூன்று மணி அடித்தால் மகள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த அம்மா எடுக்கக் கூடாது. எடுக்காமல் இருந்தால் அங்கேயும் எல்லாம் நலம் என்று அர்த்தம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த அம்மாவே தன் செலவில் கூப்பிட்டுக்கொள்ளலாம். விதவைப் பென்ஷனில் அவர் எங்கே கூப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனபோது இதை நான் நேரில் பார்த்தேன். சார் ரிசீவரைப் பிடித்திருக்க, அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குப் பாளையங்கோட்டையில் அந்த அம்மா ஆசை தாங்காமல் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "கோமதி" என்ற குரல் எனக்கே கேட்டது. அக்கா கை நீட்டினார். சார், "எடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று அந்த வயதான அம்மாவிடம் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். அக்காவின் கை நீட்டியபடியே நின்றது.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு இரண்டு நிமிஷம் பேச விட்டிருக்கலாமே என்று கேட்டேன். "நல்லா இருக்கோம்கிற விஷயம் போய்ச் சேர்ந்தாச்சுல்லா. அதுக்கு மேல பேசுறதெல்லாம் ஆடம்பரம் விஜயாம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிற்பாடு அக்காவைத் தனியாக அழைத்து, என் வீட்டுப் போனிலிருந்து பேசும்படி எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவுகளுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாக என்று மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பாளையங்கோட்டையில் யாரும் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாது என்று அந்த அம்மா பழகிக்கொண்டுவிட்டார்.

சில வருஷம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை அந்த அம்மா அடுப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தார். கத்தினால் கேட்க ஆளில்லை. தரையோடு தரையாக நகர்ந்து கூடத்துக்கு வந்திருக்கிறார். தொலைபேசி ஒரு குட்டை முக்காலியில்தான் இருந்தது. கை எட்டியது. ஆனால் கண்ணாடி அடுப்படியில் விழுந்து கிடந்ததால் எண் எதுவும் தெரியவில்லை, யாரையும் கூப்பிட முடியவில்லை. விடியட்டும், ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும் என்று அங்கேயே கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே சார் எண்ணைச் சுழற்றினார். மூன்று மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறார் என்று அக்கா நிம்மதியாக இட்லி ஊற்றப் போனார்.

திங்கட்கிழமை செல்லம்மாள் ஊர் திரும்பிக் கதவைத் தட்டி, உடைத்து உள்ளே போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவர்தான் புனேவுக்குக் கூப்பிட்டுச் சொன்னவர். பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து கார் வைத்துக்கொண்டால் அன்றைக்கே போய்விடலாம் என்று என் கணவர் விசாரித்துக்கொண்டு ஓடி வந்தார். சார் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"டாக்டர் நாலஞ்சு நாள் தாங்கும்னு சொல்லியிருக்காராம். ரயில்ல ரெண்டு நாள்தானே" என்றார்.

அக்கா ரயிலில் போனார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, சாம்பலும் ஆற்றில் கரைத்தாகிவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக அம்மா என்ன சொன்னார் என்பதையும் செல்லம்மாள் வாயால்தான் கேட்டுக்கொண்டார். புனேவுக்குத் திரும்பிய பிறகு என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அதை என்னிடம் சொன்னார்.

மணி அடித்தபோது எடுத்திருக்கலாமே ஆச்சி, கைக்கு எட்டுகிற தூரத்தில்தானே இருந்தது என்று செல்லம்மாள் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார். "கையைப் போனு மேலதான் வச்சிருந்தேன். எடுத்தா மாப்பிள்ளை கோவப்படுவாக. நாலாவது மணி அடிச்சா எடுப்போம்னு இருந்தேன். அடிக்கலை" என்றாராம்.

சொல்லிவிட்டு அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு வாசலில் நின்ற சாருக்கும் இது கேட்டது. "அவசரத்துக்கும் எடுக்கக் கூடாதுன்னு நானா சொன்னேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அன்றோடு நான் அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். செய்தித்தாளை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

காலம் மாறியது. அவர் ஓய்வு பெற்றார். எல்லோர் கையிலும் கைப்பேசி வந்தது, வெளியூர்க் கட்டணம் தரைக்கு இறங்கியது. ஒரு மாலை நான் அக்காவுக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தபோது சார் புதுக் கைப்பேசியோடு உற்சாகமாக வந்தார்.

"கோமதி, இனிமே இந்தியா முழுக்க ஒரே ரேட்டுதான். தாராளமாப் பேசு" என்று அதை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா அதை வாங்கிப் பார்த்தார். "யாருட்ட பேச?" என்று கேட்டுத் திரும்ப அவரிடமே கொடுத்துவிட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விலாசம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். சார் கைப்பேசியோடு பால்கனிக்குப் போனார். அவருக்கு உறைத்திருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உறைக்கவில்லை என்றாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

சார் இறந்த அன்று நான் போனபோது கூடத்தில் ஜோஷியும் குடியிருப்புக்காரர்களும் நின்றிருந்தார்கள். மதுரையில் சாருக்கு ஒரு தம்பி இருக்கிறார், பள்ளிக்கூட எழுத்தராக வேலை பார்த்தவர். அண்ணன் தம்பிக்குள் வருஷக்கணக்காகப் போக்குவரத்து இல்லை. தகவல் சொன்னபோது, ரயிலில் ஏறினால் வந்து சேர நாளாகும், தனக்காகக் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். ஜோஷியும் மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்றார்.

அக்கா எழுந்து வந்தார். "ரயில்ல வேண்டாம். மதுரையிலேருந்தே பிளைட்டு ஏறி, சென்னை வழியா வரச் சொல்லுங்க. டிக்கெட்டு நான் போடுதேன்" என்றார்.

கடைசி நேரத்து டிக்கெட்டின் விலையை ஜோஷி தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. "கூடப் பிறந்தவுக முகம் பாக்கணும்லா" என்று மட்டும் சொன்னார்.

நாள் முழுக்க ஐஸ் பெட்டியில் சாரை வைத்திருந்தோம். பொழுது சாயும்போது அந்தத் தம்பி வந்து சேர்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாக விமானம் ஏறியவர், பயணச்சீட்டின் கிழிந்த துண்டைச் சட்டைப் பையில் வைத்தபடியே அண்ணன் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்த வீட்டில் அன்று அழுதவர் அவர் ஒருவர்தான். அக்கா அவர் தோளில் கை வைத்து நின்றார்.

பரமசிவம் சார், நீங்கள் சேர்த்த பணம் ஒரு மனிதரை இன்னொரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். அதைப் பார்க்க நீங்கள் இல்லை. இருந்திருந்தால் விட்டிருக்கவும் மாட்டீர்கள். போய் வாருங்கள்.