பெயர் சொல்ல முடியாத மீன்காரர்

என் கணவருக்குப் பேச்சு போன காலையில் எங்கள் கடைப் பலகையில் பதினோரு வகை மீன் கிடந்தது. அவற்றில் எனக்குப் பெயர் தெரிந்தவை இரண்டுதான்: நெத்திலி, இறால். இறால் மீனே இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சைவ நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டு வாசலை முட்டைகூடத் தாண்டியதில்லை. பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வாலாஜாபாத் பஸ்ஸில் அவரோடு பழக்கமானது. மீன் வியாபாரி என்று தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். அம்மா அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மீன் என் சமையலறைக்குத் துண்டுகளாகத்தான் வரும். அவரே அலசி, மஞ்சள் தடவிக் கொண்டுவந்து வைப்பார். குழம்பு வைக்கப் பழகினேன், ருசியும் பிடித்துப்போனது. முழு மீனின் கண்ணைப் பார்க்க மட்டும் கடைசிவரை கூச்சமாகவே இருந்தது. "உனக்கு எதுக்கு அதெல்லாம், நான் இருக்கிறேன் இல்ல" என்பார். பதினான்கு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கடைக்குப் பக்கத்தில் அரிவாள்மணை போட்டு மீன் வெட்டித் தரும் அக்கா ஒருத்தி உண்டு. அவள்தான் போன் செய்தாள்.

"சீக்கிரம் வாம்மா. உன் வூட்டுக்காரரு எடை போட்டுக்கினே சாஞ்சிட்டாரு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கினு இருக்குது."

உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு முழுக்கப் போய், ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது: "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான். வலித்தாலும் அதான். உங்கள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டபோது வெகுநேரம் யோசித்து, நெற்றியெல்லாம் வியர்த்து, "அதான்" என்றார். தான் சொன்னது தப்பு என்பது அவருக்கே தெரிந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நாம் பேசுவது முக்கால்வாசி அவருக்குப் புரிகிறது, சொல்லைத் தேடி எடுக்கிற வழிதான் அடைபட்டுப்போனது என்றார் டாக்டர். ஏனாத்தூர்ப் பக்கம் பேச்சுப் பயிற்சி தருகிறார்கள் என்று அனுப்பிவைத்தார். அங்கே ஓர் இளம்பெண் மேசைமேல் பட அட்டைகளை அடுக்கினாள். குடை, பசு, சாவி. அவர் ஒவ்வொன்றையும் பார்த்து அதான், அதான் என்றார். கடைசியாக ஓர் அட்டையை வைத்தாள். ஆரஞ்சு நிறத்தில், சிரித்த வாயோடு, நீலத் தண்ணீரில் ஒரு மீன்.

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது கையால் மேசையிலிருந்து தள்ளிவிட்டார்.

"ஏன் சார் கோபம்? இது என்ன, சொல்லுங்க?"

எனக்கு என்ன தோன்றியதோ, "மேடம், அது எந்த மீனும் இல்ல" என்றேன். "அவருக்கு மீனுன்னு ஒண்ணு கெடையாது. இன்னா மீனுன்னுதான் பாப்பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்போ நிஜ மீனையே காட்டுங்கம்மா. பேர நீங்க சொல்லுங்க. சரியா, தப்பான்னு அவர் சொல்லட்டும்."

பெயரை நான் சொல்வதா? எனக்கே தெரியாதே.

அவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு மறுபடி பட்டுக் கடை வேலைக்குப் போக முடியாது. மீன்கடையென்றால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். அதனால் கடையைத் திறந்தேன். முதல் வாரத்திலேயே ஏரிக் கெளுத்தி ஒன்று கன்னத்துப் பக்கத்து முள்ளால் என் உள்ளங்கையைக் குத்தியது. முழங்கைவரை விண்விண் என்று தெறித்தது. அது ஆறுவதற்குள் ஒரு பெரியவர், ரோகு என்று நான் கொடுத்ததை எல்லார் முன்னாலும் பலகையில் திருப்பிப் போட்டார்.

"இன்னாமா, கட்லாவ எடுத்துக் குடுத்து ரோகுன்ற? தலையப் பாரு, எம்மாம்பெருசு! மீனே தெரியாம மீன் விக்க வந்துட்டியா?"

வெட்டுகிற அக்காவுக்கு மீன் தெரியும். ஆனால் அவளிடம் எப்போதும் நாலு பேர் காத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டால் அவள் பிழைப்பு கெட்டுவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்த என் கணவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவர் கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் ஒரு மீனை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "இது ரோகுதானே?"

இடது கையால் என் விரலை அழுத்தினார். ஆமாம். இன்னொன்றை நீட்டி, "இதுவும் ரோகு?" என்றேன். கையை உதறினார். இல்லை. அப்புறம் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த மீனின் வாயில் வைத்தார். கீழ்த்தாடை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. முதல் மீனுக்குக் கொண்டுபோனார். அதன் உதடு தடித்து, பிசிறு விட்ட துணி ஓரம்போல இருந்தது. மூன்றாவதாக ஒல்லியான ஒன்று. அதற்கு வாய் கீழே பார்த்து இருந்தது.

அக்கா வெட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "தோ, கரெக்டா காட்றாரு பாரு. கட்லா தண்ணிக்கு மேல மேயும், ரோகு நடுவால, மிர்காலு அடிச் சேத்துல. வாயப் பாத்தா போதும்."

அன்றிலிருந்து தினமும் வியாபாரத்துக்கு முன்னால் இதுதான் எங்கள் வேலை. முசரவாக்கம் பக்கத்து ஏரியிலிருந்து மீன் முதலில் வரும். தொட்டியில் உயிரோடு நெளியும் விரால், அதன் பாம்புத் தலை. முதுகுத் துடுப்பு கையைக் கிழிக்கும் ஜிலேபி. ஐஸ் பெட்டியில் கடல் மீன் பிறகு வரும். சிவப்புச் சங்கரா, தட்டையான வவ்வால், கானாங்கத்தை. கானாங்கத்தையின் வால் பக்கம் சின்னச் சின்னத் துடுப்புகள் வரிசையாக இருப்பதை என் விரலால் ஒவ்வொன்றாக எண்ண வைத்தார். அடுத்து வஞ்சிரத்தை எடுத்து அதே இடத்தில் விரலை வைத்தார். அங்கும் அந்த வரிசை இருந்தது. "ரெண்டும் ஒரே சாதியா?" என்றேன். விரலை அழுத்தினார். அவர் முகத்தில் சிரிப்பு ஒரு பக்கமாக வந்தது.

பேச்சு மட்டும் வரவில்லை. விராலைக் கையில் வைத்துக்கொண்டு "வி... வி..." என்று நான் எடுத்துக் கொடுப்பேன். உதட்டைக் குவிப்பார். வருவது அதான்தான்.

தை மாதத்தில் ஒரு காதுகுத்து விருந்துக்கு வஞ்சிரம் கேட்டிருந்தார்கள். மொத்த வியாபாரிக்குச் சொல்லிவைத்திருந்தேன். பெட்டி வந்தது. திறந்தால், தலையும் வாலும் இல்லாத நடுத்துண்டங்கள். வாங்க வந்தவர் பக்கத்தில் நிற்கிறார். அக்கா இன்னும் வந்திருக்கவில்லை. துண்டத்தை எடுத்து வழக்கம்போலக் கணவரிடம் நீட்டினேன்.

"வஞ்சிரம் வந்துடுச்சிங்க."

கையை உதறினார்.

"வஞ்சிரம்தாங்க. வியாபாரியே சொல்லித்தான் அனுப்பியிருக்காரு."

"அதான்! அதான்!" என்று கத்தினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாங்க வந்தவர், "அவருக்கு இன்னாமா, ஒடம்பு சரியில்லையா?" என்றார். நான் துண்டத்தைத் தராசில் வைக்கப் போனேன். என் கணவர் எட்டிப் பிடுங்கித் தரையில் எறிந்தார்.

நான் அவர் கையில் அடித்தேன். எல்லார் முன்னாலும், குழந்தையை அடிப்பதுபோல, பலமாக. நல்லாயிருந்த ஒரே கையில்.

அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு மெல்லக் குனிந்து, அடிபட்ட அதே கையால் என் விரலைப் பிடித்து, பக்கத்துப் பெட்டியில் இருந்த இன்னொரு துண்டத்தின் தோல்மேல் வைத்து, வால் பக்கமிருந்து தலைப் பக்கமாக இழுத்தார். சொரசொரவென்று இருந்தது. வஞ்சிரத்தின் தோல் எப்படி இழுத்தாலும் வழுக்கும். அது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா வந்து கத்தியின் முதுகால் சுரண்டினாள். செதில் தெறித்தது. "சீலாம்மா இது. சுத்தமான சீலா, வஞ்சிரத்துல பாதி வெலகூட போவாது. தலை இருந்தா நாய்ப்பல்லு காட்டிக் குடுத்துடும்னு வெட்டிட்டு அனுப்பிச்சிருக்கான்."

வாங்க வந்தவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன்.

"மாறிப்போச்சும்மா. பசங்க தப்பா ஏத்திட்டானுங்க."

"தலையும் வாலும் கூடவா மாறிப்போச்சு?"

போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே சிவந்திருந்தது. எண்ணெய் தடவினேன். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. அவர் என் தலையைத் தொட்டு, "அதான்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பிறகு மீன் விஷயத்தில் அவர் சொல்வதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. அதனாலேயே பிறகு நடந்தது சீக்கிரம் பிடிபடவில்லை.

புரட்டாசியில் மீன்கடைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். பலகையில் நாலைந்து வகைதான் போட்டிருப்போம். ஒருநாள் பொழுதுபோகாமல், விளையாட்டாக, ஒரு சங்கராவை எடுத்து நீட்டினேன். கடலிலிருந்து வந்த, குங்குமம்போலச் சிவந்த மீன்.

"இது விரால்தானே?"

சிரிப்பார், உதறுவார் என்று நினைத்தேன். விரலை அழுத்தினார்.

அவரும் விளையாடுகிறார் என்று நினைத்தேன். "நெஜமா கேக்கறேங்க. விராலா?" அழுத்தினார். ஜிலேபியைக் காட்டி, "இது கடல் மீனா?" என்றேன். அழுத்தினார். கையில் எதுவுமே இல்லாமல் வெறுங்கையை நீட்டி, "இது வஞ்சிரமா?" என்றேன். என் முகத்தையே பார்த்து, என்னைச் சந்தோஷப்படுத்துகிறவர்போல, அழுத்தினார்.

மூளையில் சின்னச் சின்ன அடைப்புகள் விழுந்துகொண்டே இருக்கின்றன என்றார் டாக்டர். ஸ்கேனில் வெள்ளை வெள்ளையாகக் காட்டினார். எத்தனை நாளாக என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அப்படியானால் அதற்கு முந்தைய மாதங்களில் அவர் அழுத்திய ஆமாம்களில் எத்தனை உண்மை? எந்தெந்த மீனை எந்தெந்தப் பெயரில் நான் விற்றேன்?

ஆனாலும் கூட்டிக்கொண்டு வருவதை நான் நிறுத்தவில்லை. காலையில் நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு மீனாக அவர் முன்னால் நீட்டி, பெயரை நானே சரியாகச் சொல்லி, ஆமாம் வாங்கிக்கொள்வேன். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகத் தோன்றும். எனக்கும் அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் செய்தேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அக்கா தன் இடத்தைவிட்டு எழுந்து வந்தாள். "இனிமே அவர இட்டுக்கினு வராதம்மா. குளுர்ல நடுங்கிக்கினு இருக்காரு. ஒனக்காகத்தான இட்டுக்கினு வர்ற?"

"உங்க வேலையப் பாருங்கக்கா" என்றேன். நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரை வீட்டில் படுக்கவைத்து, பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தனியாக வந்தேன். அக்கா தன் குடையை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

மார்கழியில் மறுபடி வாதம் வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசி நாள் அந்த ஒரு சொல்லும் இல்லை. விரலை அவர் உள்ளங்கையில் வைத்து, "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன். கை அசையவே இல்லை. அது எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. அழுத்தியிருந்தால் நம்பியிருக்க முடியாது.

காரியத்துக்கு அம்மா வந்தாள். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக என் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள். நடையில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "மீன் வாடையே இல்லியேடி" என்றாள். மூன்று வாரமாக மீனே வரவில்லையம்மா என்றேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள்.

தை பிறந்து கடையைத் திறந்தேன். வேறு மொத்த வியாபாரியிடமிருந்து கலப்பு மீன் கூடை வந்தது. பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தால், அடியில் நான் பார்த்தேயிராத ஒரு மீன். முழம் நீளம், சாம்பல் நீலம், விலாவில் மங்கிய மஞ்சள் கோடு. வாயைப் பார்த்தேன். உதட்டைத் தடவினேன். தோலை எதிர்ப்பக்கமாக இழுத்துப் பார்த்தேன். வால் பக்கம் சின்னத் துடுப்பு இருக்கிறதா என்று தேடினேன். எதிலும் சேரவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. போட்டோ எடுத்து வியாபாரிக்கு அனுப்பினேன். "பாறை மீனு மாதிரி ஒண்ணும்மா, பாறைன்னே வித்துடு" என்று பதில் வந்தது.

ஓர் அம்மாள் குனிந்து பார்த்தாள். "இது இன்னா மீனு?"

"தெரியலம்மா."

"மீன் விக்கிறவளே இப்டி சொன்னா எப்டி?" என்றாள். சங்கரா வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த மீன் சாயங்காலம்வரை பலகை ஓரத்தில் கிடந்தது. கண் வெளுத்து உள்ளே போய்விட்டது. கடையைக் கழுவும்போது அதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.