அறைக்குள் ஓடிய அறுநூறு கிலோமீட்டர்

தாவ் குய்ஃபன் பதினொரு வருஷம் கார் ஓட்டிப் பிழைத்தாள். அந்தப் பதினொரு வருஷத்தில் கார் ஒரு அடி நகர்ந்ததில்லை.

சாங்சுன் நகரத்தின் மேற்கே, கார்த் தொழிற்சாலைகள் வரிசை கட்டி நிற்கும் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. தரையில் இரும்பு உருளைகள். அவற்றின் மேல் காரை ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவார்கள். சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னால் ஆள் உயர மின்விசிறி எதிர்க்காற்று வீசும். கண்ணெதிரே திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிப் போகும். வேகம் அந்தக் கோட்டை விட்டுப் பிசகாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்று அளக்க, பாட்டரி தீரும்வரை, ஆள் மாற்றி ஆள். இதுதான் வேலை.

வெளியே தை மாதக் குளிரில் மீசை உறையும். உள்ளே வருஷம் முழுக்க இருபத்து மூன்று டிகிரி. ஹீட்டர் போடக் கூடாது, பாட்டுக் கேட்கக் கூடாது. கால் அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்கும். குய்ஃபனின் மனசு தெற்கே கிளம்பிவிடும். அறுபது கிலோமீட்டரில் கொங்சூலிங், இரண்டு பக்கமும் மக்காச்சோளம். முந்நூறில் ஷென்யாங், பாலத்தடியில் யாரோ துணி உலர்த்தியிருப்பார்கள். அன்ஷானின் புகைக்கூண்டுகள் தாண்டி, ஹாய்செங் தாண்டி, ஐநூற்று இருபதில் கடல். கடலை அவள் பார்த்ததே இல்லை. அதனால் அவளுடைய கடல் ரொம்ப நல்ல கடலாக இருந்தது: இளம் பச்சை, அலையே இல்லாமல், கரையில் மணலுக்குப் பதிலாகப் புல்.

முறை மாற வருகிறவன் கதவைத் திறந்து, "இப்ப எங்கக்கா நிக்குது வண்டி?" என்பான்.

"ஹாய்செங் தாண்டியாச்சு. நீ கடல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடு."

"கடல்ல என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"நீ ஒழுங்கா வந்தாலே போதும்."

புது வண்டி அந்த அறையில் அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் ஊரில் அதைச் சொன்னால் இன்றைக்கும் எச்சில் துப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த எண்ணைப் பேருந்துகளின் முதுகிலெல்லாம் ஒட்டினார்கள். 'ஒரே சார்ஜில் 612.' எந்த அறையில், எந்தச் சூட்டில் என்பது விளம்பரத்தின் அடியில் எறும்பு வரிசை மாதிரி இருந்தது. எண் பொய்யில்லை. ஆனால் அந்த அறைக்குள் யாரும் குடியிருக்கவில்லையே!

குய்ஃபனின் தம்பி ஷெங் கல்யாணங்களுக்குக் கார் விடுகிறவன். புது வண்டி வாங்கும் முன்பு அக்காவைத்தான் கேட்டான்.

"நிஜமாவே அறுநூறு போகுமாக்கா?"

"நானே ஓட்டினேண்டா. கடலுக்குப் போயும் தொண்ணூறு மிச்சம்."

எங்கே ஓட்டினாய் என்று அவன் கேட்கவில்லை. அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. பதினொரு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்தவளுக்கு, ஓட்டியது ஓட்டியதுதான். அக்கா வார்த்தையை நம்பி அவன் வெள்ளையாக ஒன்று வாங்கினான்.

முதல் குளிர்காலமே மானத்தை வாங்கிவிட்டது. ஒரு கல்யாணத்தன்று பாதி வழியில், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண் சரசரவென்று இறங்க, பயந்துபோய் ஷெங் ஹீட்டரை அணைத்தான். மணப்பெண் உதடு நீலமாகி, பஞ்சு மெத்தைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு மண்டப வாசலில் இறங்கினாள். யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள். ஒரு வாரம் ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. அதே வண்டி வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். கம்பெனியோ, ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றது. அதற்குப் பிறகு அந்த வண்டியின் எண்ணை மட்டுமில்லை, கடிகாரத்தைக்கூட யாரும் நம்பவில்லை. இருநூறு ஓடும் என்றால் சிரிப்பு, நூறு ஓடும் என்றாலும் சிரிப்பு.

"என்ன குய்ஃபன், தம்பி வண்டி இன்னிக்குத் தானா வந்துச்சா, தள்ளிட்டு வந்தாரா?" என்று கோஸ் ஊறுகாய் வாங்கும் வரிசையில் கேட்பார்கள். அவள் சிரித்துவைப்பாள். வீட்டுக்கு வந்து அழுவாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவள் மகள் ஷின்ரானுக்குக் கல்யாணம் கூடியது. அப்பா இல்லாத பெண். அப்பா இடத்தில் நின்று, முதல் காரில் ஏற்றிக் கொண்டுபோய் விடவேண்டியவன் தாய்மாமன் ஷெங். மாப்பிள்ளை வீடு கொங்சூலிங்கில். நேர் ரோட்டில் அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் கல்யாண ஊர்வலம் வந்த வழியே திரும்பக் கூடாது, நடுவழியில் நிற்கவும் கூடாது. அதனால் யீதோங் வழியாகச் சுற்றி நூற்றிருபது. நல்ல நேரம் முடிகிற பத்து ஐம்பத்தெட்டுக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும்.

நாள் குறிக்க உட்கார்ந்த மதியச் சாப்பாட்டில் மாப்பிள்ளையின் அப்பா தியன் யோங்ஷான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மக்காச்சோளம் உலர்த்தும் களம் வைத்திருப்பவர், பேச்சும் உலர்ந்த பேச்சு.

"எல்லாம் சம்மதம். எந்தக் கார்ல வேணா பொண்ணு வரட்டும். அந்தக் கார் மட்டும் வேண்டாம்."

"சம்பந்தி, நூத்தியிருபதுதானே..." என்று ஷெங் ஆரம்பித்தான்.

"அறுநூறுன்னு சொன்னவன் வண்டி. அதுல நூத்தியிருபதை நான் எப்படி நம்பறது? நடுரோட்டுல நின்னா பொண்ணை என்ன பண்றது, களத்துத் தள்ளுவண்டில வச்சுக் கொண்டுவரவா?"

ஷெங் எழுந்துவிட்டான். வாசலில் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "உன் வார்த்தையை நம்பித்தான் வாங்கினேன். வேற எவன் வண்டியிலயாவது அனுப்பிக்கோ. நான் வரலை."

தாய்மாமன் வராத கல்யாணம்! குய்ஃபனுக்குச் சோறு இறங்கவில்லை. அதைவிட, இரண்டு வருஷமாக அவன் ஒருமுறைகூட அவளைக் குத்திக் காட்டாமல் இருந்தது இப்போதுதான் உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போனாள். தூக்கக் கலக்கத்தில் அவன் கதவைத் திறந்தான். சாவி கேட்டாள். எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டு உள்ளே போனான். மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. முழு சார்ஜ். ஹீட்டரை மணப்பெண்ணுக்கு வேண்டிய அளவு வைத்துக்கொண்டு தெற்கே கிளம்பினாள்.

அவள் ஆயிரம் தடவை போன ரோடு அது. எதுவுமே அவள் வைத்த இடத்தில் இல்லை. கொங்சூலிங்கில் சோளம் இல்லை. வெட்டிய சோளத்தட்டையின் அடிக்கட்டைகள் பனிக்கு மேலே துளித் துளியாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. வானத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் கோடே இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தாள். காற்று பக்கவாட்டிலிருந்து காரைத் தள்ளியது. காருக்குப் பக்கவாட்டு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிபிங் அருகில் ஒரு குதிரை, கழுத்து மயிரில் பனி தொங்க, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்து அதைப் பார்த்தாள். அறையில் ஒருபோதும் எதையும் நின்று பார்த்ததில்லை, கோடு விடாது. பயமும் சந்தோஷமும் எது எதென்று பிரிக்க முடியாமல் வந்தன. வாய்விட்டு, "குய்ஃபன், நீ எங்கடி இருந்தே இவ்வளவு நாளா?" என்று கேட்டுக்கொண்டாள்.

தியேலிங்குக்கு முன்னால், பாட்டரி தீரப்போகிறது என்று எச்சரிக்கும் ஆமைப் படம் திரையில் எரிந்தது. வண்டி ஊர ஆரம்பித்தது. நெடுஞ்சாலை ஓய்விடத்தின் வாசலுக்குள் திருப்பி, கடைசிச் சொட்டு வரை அளக்க வேண்டும் என்று, லாரிகள் நிற்கும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வேகவைத்த சோளம் தின்றுகொண்டிருந்த லாரிக்காரர்கள் பார்த்தார்கள்.

"அம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று ஒருவன் கத்தினான்.

"ஆமாம்பா, முந்நூத்தி எண்பது கிலோமீட்டர்!"

ஏழாவது சுற்றில் வண்டி நின்றது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஷெங், இருநூத்தி முப்பத்தொண்ணு."

"என்னக்கா?"

"உன் வண்டி. ஹீட்டர் போட்டு, இந்தக் குளிர்ல."

"அது எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா நான்தானே ஓட்டறேன்."

"எனக்குத் தெரியாதுடா," என்றாள். "நான் ஓட்டினது ரோட்டுல இல்ல. ஒரு ரூமுக்குள்ள." எல்லாவற்றையும் சொன்னாள், உருளை, சங்கிலி, இருபத்து மூன்று டிகிரி.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். "அங்கேயே உள்ள போய் உக்காரு," என்றான் கடைசியில். "சூடா ஏதாவது குடி. சார்ஜ் போடற ஆளை அனுப்பச் சொல்லி நான் பேசறேன்."

மறுநாள் அக்காவும் தம்பியும் தியனின் களத்துக்குப் போனார்கள். அறையில் நடப்பதை வெளியே பேசுவதில்லை என்று குய்ஃபன் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஷெங் வழியெல்லாம், "வேண்டாம்க்கா, வேலை போயிடும்," என்று முனகிக்கொண்டே வந்தான். சோளக் குவியல்களுக்கு நடுவில், வேலையாட்கள் பத்துப் பேர் காதுபட அவள் சொன்னாள்.

"சம்பந்தி, அந்த அறுநூத்திப் பன்னிரண்டை ஓட்டினதே நான்தான். ரூமுக்குள்ள ஓட்டினேன். ரோட்டுல ஓட்டினேன்னு என் தம்பி நினைச்சுட்டான். நானும் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன். நேத்து ரோட்டுல ஓட்டிப் பார்த்தேன். இருநூத்தி முப்பத்தொண்ணுல நின்னுபோச்சு. தப்பு என் மேல. அவனை ஒதுக்காதீங்க."

தியன் கையிலிருந்த ஈரமானியைத் துடைத்துப் பையில் போட்டார். வண்டி வண்டியாக வரும் சோளத்தில், மேலே காய்ந்ததைப் பரப்பி அடியில் ஈரத்தை மறைப்பவர்களையே முப்பது வருஷமாகப் பார்த்தவர்.

"என் களத்துக்கு வந்து, அடியில ஈரம் இருக்குன்னு தானா சொன்ன ஆள் நீங்கதான் முதல்," என்றார். பிறகு ஷெங்கைப் பார்த்து, "ஆனா நானும் கூட வருவேன். முன் சீட்டுல உக்காந்து அந்த நம்பரைக் கண்ணால பார்த்துக்கிட்டே வருவேன். சரியா?"

மாப்பிள்ளையின் அப்பா பெண்ணை அழைக்க வருவது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. ஷெங்கின் முகம் சுருங்கியது. இருந்தாலும் தலையாட்டினான்.

பேச்சு கம்பெனி வரை போக மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் குய்ஃபனை அறையிலிருந்து எடுத்து, உதிரிபாகக் கிடங்கில் பெட்டி எண்ண விட்டார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். அறையின் வெதுவெதுப்பை நினைத்து ஏங்கத்தான் செய்தாள்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. வெள்ளைக் காரின் நெற்றியில் சிவப்புப் பூ. பின் சீட்டில் சிவப்பு உடையில் ஷின்ரான், பக்கத்தில் மாப்பிள்ளை, ஓரத்தில் குய்ஃபன். முன்னால் தியன், கண் எண்ணின் மேல்.

"இருநூத்தி நாலு," என்று சத்தமாகப் படித்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "நூத்தி எண்பத்தொன்பது." மாப்பிள்ளை வெட்கத்தில் தலை குனிந்தான். ஷெங் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். குய்ஃபன் தன் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்றுவிட்டால், தம்பியின் முகத்தில் இனி ஒருநாளும் விழிக்க முடியாது என்பது மட்டும்தான் மனசில்.

யீதோங் பக்கம் வந்தபோது வெயில் ஏறியது. வயல்களின் மேல் பனி ஆவியாகி எழுந்து, மரங்கள் பாதிக்கு மேல் மட்டும் தெரிந்தன. காருக்குள் வெதுவெதுவென்றிருந்தது. தியன் அன்று மூன்று மணிக்கே எழுந்த மனுஷன். "நூத்தி ஐம்பத்தி..." என்று ஆரம்பித்தார். மீதியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

ஷின்ரான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஷெங் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான்.

"அக்கா," என்றான் மெல்ல, "சம்பந்தி தூங்கிட்டார்க்கா."

"எழுப்பாதடா," என்றாள் குய்ஃபன். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவில்லை. தம்பியும் பார்க்காத மாதிரி இருக்கவில்லை, பார்த்துக்கொண்டேதான் ஓட்டினான்.

கொங்சூலிங்கில் மண்டப வாசலில் பட்டாசு வெடித்தபோதுதான் தியன் கண் விழித்தார். "எங்க இருக்கோம்?" என்றார்.

"வந்தாச்சு சம்பந்தி."

அவர் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைச் சரி செய்து, மருமகளுக்குக் கதவைத் திறக்க அவசரமாக இறங்கினார். எத்தனை மிச்சம் என்று பார்க்கவில்லை.